சுவோமுஸ்ஸல்மி என்றொரு ஊர்

பின்லாந்துன்னு சொன்னா நம்மாளுங்களுக்கு நோக்கியா ஞாபகம் வரும். கொஞ்சம் விவரமானவங்களுக்கு அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள். ராணுவ வரலாறு படிக்கிற ஆசாமிகளுக்கு மட்டும் வாயில் நுழையாத ஒரு பேர் சட்டுன்னு வரும்: சுவோமுஸ்ஸல்மி. 1939 டிசம்பரிலும் 1940 ஜனவரி முதல் வாரத்திலும் செஞ்சேனையின் இரண்டு டிவிஷன்களை பின்லாந்துக்காரர்கள் பனிக்காட்டுக்குள் மடக்கி நொறுக்கிய இடம். உலகத்தில் பல ராணுவக் கல்லூரிகளில் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்தச் சண்டை அதிகபட்சம் ஐந்தரை வாரம். அதுக்கு முன்னாடியும் அந்த ஊர் இருந்திருக்கு, பின்னாடியும் இருக்கு. அங்கே இருந்த ஜனங்க யாரு? என்ன சாப்பிட்டாங்க? யாருக்கு ஓட்டுப் போட்டாங்க? எங்கே போனாங்க? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். சண்டையும் வரும், கவலைப்படாதீங்க :-)

ஊரும் தண்ணியும்

பின்லாந்தின் கிழக்கில், ரஷ்ய எல்லையை ஒட்டி கைனு என்று ஒரு பகுதி. அதன் வடகிழக்கு மூலையில் இருக்கிறது சுவோமுஸ்ஸல்மி. 'சல்மி' என்றால் பின்னிஷ் மொழியில் நீரிணை, அதாவது இரண்டு ஏரிப்பரப்புகளை இணைக்கிற ஒடுங்கிய தண்ணீர்ப் பாதை. பேரிலேயே தண்ணி இருக்கா? ஊர் முழுக்கவும் அப்படித்தான். கியாந்தாயார்வி என்கிற பெரிய ஏரி விரல் விரலா நீண்டு கிடக்கு. (யார்வின்னா ஏரி.) மிச்சமெல்லாம் பைன் காடு, சதுப்பு, நடுவில் அங்கொண்ணு இங்கொண்ணாக வீடு.

நிலப்பரப்பு மட்டும் ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஜனத்தொகை ஏழாயிரம் வாக்கில். சதுர கிலோமீட்டருக்கு ஒண்ணேகால், ஒண்ணரை ஆள் கணக்கு! அந்த அரை ஆள் யாருன்னு கேக்காதீங்க.

மனுஷன் இங்கே வந்து ரொம்ப காலமாச்சு. வடக்கே ஹோஸ்ஸா பக்கத்தில் வாரிகல்லியோ என்கிற பாறை ஏரிக்குள் செங்குத்தாக இறங்குகிறது. அதில் செங்காவி நிறத்தில் மனுஷர்களும் மான்களும். ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓவியங்கள். வெளியுலகுக்குத் தெரிஞ்சது 1977-ல்தான். பின்லாந்து சுதந்திரம் வாங்கி நூறு வருஷம் ஆன 2017-ல் அந்தக் காட்டை தேசியப் பூங்காவாக்கினார்கள்.

பின்னால் காடெரித்து விவசாயம் செய்யும் குடும்பங்கள் தெற்கே இருந்து ஏறி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இங்கே மீன் பிடித்து, மான் வேட்டையாடி வாழ்ந்த சாமி பழங்குடிகள் மெல்ல மெல்ல வடக்கே தள்ளப்பட்டார்கள். எல்லையோரத்தில் குய்வாயார்வி, ஹியெதாயார்வி என்று இரண்டு குட்டி கிராமங்கள் மட்டும் தனி ரகம். கரேலிய மொழி, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம். சுத்திலும் லூத்தரன்கள். பாட்டும் கதையும் உறவும் எல்லைக்கு அந்தப் பக்கத்து கிராமங்களோடதான். வரைபடத்தில் கோடு போட்டவனுக்கு மாமன் மச்சான் உறவு தெரியுமா என்ன?

தார் காய்ச்சி மாவு வாங்கின கதை

இந்த மண்ணில் என்ன விளையும்? கொஞ்சம் பார்லி, கொஞ்சம் ரை தானியம். அதுவும் ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ ஒரே ஒரு ராத்திரி உறைபனி இறங்கினால் போச்சு. காலையில் எழுந்து பார்த்தால் அந்த வருஷச் சாப்பாடு கருகிக் கிடக்கும்.

காசு வர ஒரே வழி மரம். அதையும் மரமாக விற்க முடியாது, ரோடு கிடையாதே. அதனால் தார். ரோடு போடுற தார் இல்லீங்க, பைன் மரத்திலிருந்து வடிக்கிற தார். அந்தக் காலத்து மரக்கப்பல்களுக்கும் கயிறுகளுக்கும் இது பூசாமல் கடலில் இறங்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் பின்லாந்துத் தாரின் பெரிய ஊற்று இந்த கைனு பகுதிதான்.

செய்முறையைக் கேட்டாலே கை வலிக்கும். முதலில் இளம் பைன் மரத்தின் பட்டையை உரிக்கணும். ஒரேயடியாக இல்லை, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக. காயத்தை ஆற்ற மரம் பிசினைச் சுரந்து அங்கே நிரப்பும். மூணு நாலு வருஷம் கழிச்சு, உடம்பெல்லாம் பிசினாக நிற்கிற மரத்தை வெட்டி, சின்னதாகப் பிளந்து, புனல் மாதிரி சரிவாகத் தோண்டின குழியில் அடுக்கணும். மேலே புல்மண் போர்த்தி மூட்டம் போடணும். தீ கொழுந்து விட்டு எரிஞ்சால் மொத்தமும் சாம்பல், அணைஞ்சால் தார் இல்லை. ஒரு வாரம், பத்து நாள் ராத்திரி பகலாகக் காவல். அடியில் ஒரு மரக்குழாய் வழியாகக் கறுப்பாக வடியும் தார்.

அப்புறம் பயணம். நீளமான, ஒல்லியான, ஆழமில்லாத படகில் இருபது முப்பது பீப்பாய் ஏற்றி, எமாயோக்கி ஆற்றில் இறங்கி, ஒவுலுயார்வி ஏரியைக் கடந்து, ஒவுலுயோக்கி ஆற்றின் பாறைச் சரிவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரை ஊரான ஒவுலுவுக்குப் போகணும். பெண்களும் துடுப்புப் போட்டார்கள். திரும்பி வரும்போது எதிர் நீரோட்டத்தில் அதே படகைத் தள்ளியும் இழுத்தும் வரணும்.

ஒவுலுவில் என்ன கிடைக்கும்? மாவு, உப்பு. பெரும்பாலும் ரொக்கம் கையில் வராது. ஏன்னா போன வருஷம் வாங்கின மாவுக்கான கடன் கணக்கு வியாபாரியின் நோட்டில் இருக்கும். இந்த வருஷத் தார் அதுக்குச் சரி. இந்த வருஷ மாவு, அடுத்த வருஷத் தாருக்கு. நாலு வருஷம் கழிச்சு வடியப்போகிற தாரை இன்னிக்கே தின்னு முடிச்சாச்சு! பட்டை உரிச்சது மரத்துக்கு மட்டும்தானா என்று தோணுகிறது.

1867

சுவோமுஸ்ஸல்மி தனி ஊராட்சியாக ஆனது 1867-ல். ஒரு ஊருக்கு இதைவிட மோசமான பிறந்த வருஷம் கிடைக்காது.

அந்த வருஷம் வசந்தமே வரவில்லை. மே மாசத்திலும் ஏரிகள் உறைஞ்சு கிடந்தன. தாமதமாக விதைச்ச பயிர் செப்டம்பர் தொடக்கத்து உறைபனியில் செத்தது. முந்தின வருஷமும் விளைச்சல் சரியில்லை, குதிரில் இருப்பு இல்லை. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த பின்லாந்து அரசாங்கம் கடன் வாங்கவும் தானியம் இறக்கவும் தயங்கி, நேரத்தைக் கோட்டை விட்டது. 1866 முதல் 1868 வரை பின்லாந்து முழுக்க இறந்தவர்கள் சுமார் ஒண்ணரை லட்சம். மக்கள்தொகையில் ஏறக்குறைய எட்டு சதவீதம். பசியில் செத்தவங்களைவிட, பசியோடு பிச்சை எடுக்கப் போன வழியில் டைபாய்டு, டைஃபஸ் என்று காய்ச்சல் தொத்தி செத்தவங்கதான் அதிகம்.

ஜனங்க சாப்பிட்டது பெத்து ரொட்டி. பைன் மரத்தின் வெளிப்பட்டைக்கு அடியில் இருக்கிற மெல்லிய உள்பட்டையை உரிச்சு, காயவச்சு, வறுத்து, இடிச்சு, இருக்கிற கொஞ்ச மாவோடு கலந்து சுடுகிற ரொட்டி. இது பஞ்ச காலத்துக்கு மட்டுமான அதிசயம் இல்லை. கைனுவில் ஏழை வீட்டில் சாதாரண வருஷத்திலேயே வழக்கம். பஞ்சத்தில் என்ன மாறிச்சுன்னா, கலக்கிறதுக்கு மாவு இல்லை.

அதே பைன் மரம். தாருக்கும் அதன் பட்டை, வயித்துக்கும் அதன் பட்டை.

ஒரு சிவப்புக் கோடு

1906-ல் பின்லாந்து ஒரு வேலை செய்தது. பழைய நாலு வர்க்க சபையைக் கலைச்சுட்டு ஒரே நாடாளுமன்றம், 24 வயசு ஆன ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு. ஐரோப்பாவில் பெண்களுக்கு தேசிய அளவில் ஓட்டுரிமை முதலில் வந்தது இங்கேதான். போட்டியிடும் உரிமையும் கூடவே வந்தது. 1907 மார்ச்சில் முதல் தேர்தல். 200 இடத்தில் 19 பெண்கள் ஜெயித்தார்கள். 80 இடம் சமூக ஜனநாயகக் கட்சிக்கு. ஓட்டுப் போடுவது எப்படி? சீட்டில் உங்கள் வேட்பாளருக்கு நேரே சிவப்பு பென்சிலால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

இந்தக் கோட்டை வச்சு ஒரு நாவல் எழுதினார் இல்மாரி கியாந்தோ. பாதிரியார் மகன். அஞ்சு வயசில் அப்பாவோடு சுவோமுஸ்ஸல்மிக்கு வந்தவர். கலம்னியுஸ் என்ற லத்தீன் வாடைக் குடும்பப் பேரை விட்டுட்டு, 1906-ல் கியாந்தாயார்வி ஏரியின் பேரையே தன் பேராக்கிக்கொண்டார். ஊரைப் பேராக வச்சுக்கிறது நமக்கும் தெரிஞ்ச பழக்கம்தானே.

1909-ல் வந்த அந்த நாவல் 'புனாய்னன் வீவா', சிவப்புக் கோடு. காட்டு மூலையில் தோபி, ரீக்கா என்று ஒரு ஏழைத் தம்பதி. பட்டினி, குழந்தைகள். சோசலிசம் என்கிற சொல் காட்டுக்குள் வருகிறது. அந்தக் கோட்டைப் போட்டால் விடிஞ்சிரும் என்று நம்பி, பனியில் நடந்து போய்ப் போடுகிறார்கள். அந்த வசந்தத்தில் விடியவில்லை. நோயில் குழந்தைகள் போகிறார்கள். கடைசியில் கரடியோடு சண்டை போட்டு தோபியும் சாகிறான், அவன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. (கதையைச் சொல்லிட்டேன்னு திட்டாதீங்க, நூறு வருஷத்துக்கு மேலாச்சு.) 1959-ல் சினிமாவாகவும் வந்தது. அவுலிஸ் சல்லினென் இதை ஓபராவாக்கி 1978-ல் ஹெல்சிங்கியில் அரங்கேறியது.

இதோடு நிறுத்தினால் கியாந்தோ 'ஏழைகளின் குரல்' என்று பொன்னாடை போர்த்திட்டுப் போயிடலாம். நிறுத்த முடியாது.

1918-ல் பின்லாந்தில் உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் தொழிலாளிகளும் குத்தகைக்காரர்களும் நின்ற சிவப்பு, இன்னொரு பக்கம் அரசாங்கமும் நிலம் வைத்திருந்த விவசாயிகளும் நின்ற வெள்ளை. மூணரை மாசத்தில், சிறை முகாம்களையும் சேர்த்து, 36,000-க்கு மேல் செத்தார்கள். கியாந்தோ வெள்ளைப் பக்கம். அந்த ஏப்ரலில் 'கெஸ்கிசுவோமலாய்னென்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஓநாய் வேட்டையில் பெட்டை ஓநாயைத்தான் முதலில் குறி வைக்கிறோம், அதுதானே குட்டி போடும். சிவப்புப் பெண்களிடம் மட்டும் ஏன் இரக்கம் என்பதுதான் அதன் சாரம். அந்த வசந்தத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ரீக்காவை எழுதின அதே கை. ஓட்டுச்சீட்டில் கோடு போட்ட ரீக்காவைப் பார்த்து அழுதவருக்கு, அதே ரீக்கா துப்பாக்கி எடுத்ததும் ஓநாயாகத் தெரிந்தாள். ஏழை பாவப்பட்டவனாக இருக்கிற வரைக்கும் நமக்கெல்லாம் பிரியம்தான். கேள்வி கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் நம்ம லட்சணம் தெரியும். இது பின்லாந்துக்கு மட்டுமான விஷயம்னு நான் நினைக்கலை.

ஆச்சரியம் என்னன்னா, 1924-ல் மறுபடி ஒரு ஏழைக் குடியானவனை வச்சு 'ர்யூஸ்யுரன்னன் யோசெப்பி' எழுதினார். கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிழைக்கப் பார்க்கிறவன் கதை. அதுவும் நல்ல நாவல் என்றே சொல்கிறார்கள். ஒரே ஆளுக்குள் ரெண்டும் இருந்திருக்கு. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை மறைக்க வேண்டியதில்லை.

இனி சண்டை

1939 நவம்பர் 30. சோவியத் படைகள் எல்லை முழுக்க நுழைந்தன. சுவோமுஸ்ஸல்மி வழியாக வந்தவர்களுக்குக் கொடுத்த உத்தரவு, மேற்கே ஒவுலு வரை போய் பின்லாந்தை இடுப்பில் இரண்டாக வெட்டணும். நாட்டின் ஒல்லியான இடம் இதுதான். தார்ப் படகு போன அதே திசை!

163-வது டிவிஷன் டிசம்பர் 7-ல் ஊரைப் பிடித்தது. பிடிக்கும்போது அங்கே ஊர் இல்லை. எதிரிக்குக் குளிர் காய ஒரு கூரைகூடக் கிடைக்கக் கூடாது என்று பின்லாந்துக்காரர்களே வீடுகளைக் கொளுத்திட்டுப் பின்வாங்கியிருந்தார்கள். ஊர் எரிந்தது பெரும்பாலும் சொந்தக் கையால். இந்த விஷயத்தைப் போர் வீரக் கதைகளில் ஒரு வரியில் தாண்டிப் போவாங்க. வீட்டுக்காரனுக்கு அது ஒரு வரி இல்லையே.

ஹ்யால்மர் சீலஸ்வுவோ தலைமையில் வந்த பின்லாந்துப் படை எண்ணிக்கையில் ரொம்பச் சின்னது. ஆனால் பனிச்சறுக்குக் கட்டை, வெள்ளை அங்கி, காட்டுப் பழக்கம் எல்லாம் இருந்தது. டிசம்பர் 11 வாக்கில் கிழக்கே எல்லைக்குப் போகிற ராத்தெ ரோட்டை வெட்டினார்கள். ஊருக்குள் மாட்டிய 163-வது டிவிஷன் மாசக் கடைசியில் உடைந்து, உறைந்த கியாந்தாயார்வி மேலேயே வடக்கே ஓடியது. அதைக் காப்பாற்ற வந்த 44-வது டிவிஷன் அந்த ஒற்றை ரோட்டில் டாங்கி, லாரி, குதிரை என்று கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்றது. இரண்டு பக்கமும் காடு, இடுப்பளவு பனி. பின்லாந்துக்காரர்கள் அந்த வரிசையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பேர் 'மொத்தி'. அந்தச் சொல்லுக்கு அசல் அர்த்தம், ஒரு கன மீட்டர் அளவுக்கு அடுக்கி வச்ச விறகுக் கட்டு. வெட்டி அடுக்கிட்டா அப்புறம் மெதுவா எடுத்துக்கலாம். விறகு வெட்டிகளோட போர் இலக்கணம்!

ஜனவரி 7-க்குள் முடிந்தது. மைனஸ் 30, 40 டிகிரி குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். சுட்டுச் செத்தவங்க பாதி, விறைச்சுச் செத்தவங்க பாதி என்கிற மாதிரி. 44-வது டிவிஷன் உக்ரைனிலிருந்து வந்தது. தட்டையான வெட்டவெளியில் வளர்ந்த பையன்கள், இந்தக் காட்டுக்கு ஏத்த உடுப்புகூட இல்லாமல். தப்பித்துப் போன அவர்கள் தளபதி வினோகிரதோவை ஜனவரி 11-ஆம் தேதி சொந்தப் படை முன்னாலேயே நிறுத்திச் சுட்டார்கள்.

ஊர்க்காரர்களில் பலர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். எல்லையோர கிராமங்களில் சேதி போய்ச் சேருமுன் படை வந்துவிட்டது. அங்கே மாட்டிய குடும்பங்களை சோவியத் கரேலியாவுக்குக் கொண்டுபோய் முகாமில் வச்சு, போர் முடிஞ்சப்புறம் 1940-ல் அனுப்பினார்கள். அடுத்த போரில் (1941-44) எல்லை கிராமங்களில் சோவியத் பார்ட்டிசான்கள் நடத்திய தாக்குதல்களில் பொதுஜனம் செத்தது தனிக் கதை.

கியாந்தோ கதையும் இங்கே வருகிறது. மாஸ்கோவில் ரஷ்ய மொழி படித்தவர் அவர். ஏரிக்கரையில் ஆசையாகக் கட்டின துர்யன்லின்னா வீட்டை விட்டுக் கிளம்பும்போது, வரப்போகிற சோவியத் சிப்பாய்களுக்கு ஒரு சீட்டு எழுதி வச்சுட்டுப் போனார். வீடு தப்பவில்லை. சீட்டுக்காக தேசத்துரோக வழக்கு வந்து சிறைத் தண்டனை கிடைத்தது! 1918-ல் எழுதினதுக்கு ஒரு கேஸும் இல்லை. 1970-ல், 95 வயசில் இறந்தார்.

சத்தமில்லாமல் போனவர்கள்

போருக்கப்புறம் ஊரை மறுபடி கட்டினார்கள். எம்மகோஸ்கி அருவியில் மின்நிலையம் வந்தது, பக்கத்தில் எம்மன்சாரி என்கிற புது மையம் வளர்ந்தது. காட்டு வேலை இருந்தது. சின்னச் சின்ன பண்ணைகள், நாலு மாடு, குளிர்காலத்தில் மரம் வெட்டு.

அப்புறம் மோட்டார் ரம்பம் வந்தது, அதுக்கப்புறம் பெரிய இயந்திரங்கள் வந்தன. ஐம்பது பேர் வெட்டின இடத்தில் ரெண்டு பேர் போதும். நாலு மாட்டுப் பண்ணை கட்டுப்படியாகலை. 1960-களில் கிளம்ப ஆரம்பித்தார்கள். தெற்கே ஹெல்சிங்கிக்கு, இன்னும் அதிகமாக சுவீடன் தொழிற்சாலைகளுக்கு. 1969, 1970 ரெண்டே வருஷத்தில் பின்லாந்திலிருந்து சுமார் 80,000 பேர் சுவீடன் போனார்கள். சுவோமுஸ்ஸல்மியில் இன்னிக்கு இருக்கிறது அந்தக் காலத்து ஜனத்தொகையில் பாதிக்குப் பக்கம்தான்.

பஞ்சத்தால் முடியாதது, ரெண்டு டிவிஷனால் முடியாதது, மோட்டார் ரம்பத்தால் முடிஞ்சது. துப்பாக்கிச் சத்தம் இல்லை, அதனால் பாடப்புத்தகத்தில் வரலை.

ஊரில் போர் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த 'சுடர்' 1959-லிருந்து நிற்கிறது. ராத்தெ ரோட்டில் 2003-ல் திறந்த 'விரிந்த அணைப்பு' இருக்கு. 105 நாள் போருக்கு 105 வெண்கல மணிகள், காற்றடித்தால் ஒலிக்கும். சுத்திலும் வயல் நிறைய கற்கள், செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கல் என்கிற கணக்கில், ரெண்டு தரப்புக்கும் சேர்த்து. ரோட்டோரத்தில் சோவியத் தரப்பில் செத்தவங்களுக்கும் நினைவுச் சின்னங்கள் உண்டு. அது பெரிய மனசு, ஒத்துக்கணும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேற ஒண்ணு. எம்மன்சாரியிலிருந்து ஐந்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் வடக்கே போனால், ரோட்டோர வயலில் ஏறக்குறைய ஆயிரம் பேர் நிற்கிறார்கள். மரச் சிலுவைதான் உடம்பு. வயலில் வெட்டின புல்மண் கட்டிதான் தலை, காஞ்ச புல் தலைமுடி. மேலே பழைய துணிமணி: பூப்போட்ட பாவாடை, கிழிஞ்ச கோட்டு, குழந்தைச் சட்டை. எல்லாரும் சும்மா நிற்கிறார்கள். பேர் 'ஹில்யாய்னென் கன்சா', மௌன ஜனங்கள். செய்தவர் ரெய்யோ கேலா, இதே ஊரில் பிறந்த நடனக் கலைஞர். 1988-ல் முதலில் வைத்தார். 1994-ல் ஹெல்சிங்கியின் செனட் சதுக்கத்தில், அரசாங்கக் கட்டடங்களுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். அதே வருஷம் இந்த வயலுக்கு வந்து சேர்ந்தார்கள். வருஷத்துக்கு ரெண்டு தடவை உள்ளூர் இளைஞர்கள் துணி மாத்தி விடுகிறார்கள்.

இது யாரு, போரில் செத்தவங்களா, ஊரை விட்டுப் போனவங்களா என்று கேட்டால் கேலா அர்த்தம் சொல்ல மாட்டார். பாக்கிறவங்க பாத்துக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ரஷ்யா 2022-ல் உக்ரைன் மேல் படையெடுத்தது. 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில் ரஷ்ய எல்லைச் சாவடிகளை மூடினார்கள், பக்கத்து ஊரான கூஹ்மோவில் இருக்கிற வார்த்தியுஸ் சாவடி உட்பட. குய்வாயார்விக்காரர்களுக்கு அந்தப் பக்கத்துச் சொந்தம் மறுபடி கோட்டுக்கு அப்பால். சுவோமுஸ்ஸல்மி பேரும் மறுபடி பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது, சண்டை உதாரணமாக.

அடுத்த தடவை எங்கேயாவது அந்தப் பேரைப் படிச்சீங்கன்னா, டாங்கி வரிசையோடு சேர்த்து பெத்து ரொட்டியையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க. பனியில் நடந்து போய் ஒரு சிவப்புக் கோடு போட்ட பொம்பளையையும், சுவீடன் பஸ்ஸுக்காகப் பெட்டியோடு நின்ன பையனையும். அவங்களுக்கு மணி அடிக்கிற சின்னம் கிடையாது. வயல்ல நிக்கிறவங்கள்ல யாராவது அவங்களா இருக்கலாம்.